ஆந்தை வரைகிறீர்களா? முதல் தப்பு கண்ணில்தான்

பழைய செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பிக்கும்போது சுவருக்கு ஓவியம், அலமாரிக்கு மரப்பொம்மை, முகப்புக்குச் சுதை என்று ஆந்தை கேட்கிறவர்கள் உண்டு. செய்துகொடுப்பவர் செல்போனில் படம் தேடுவார். வருவதெல்லாம் கார்ட்டூன், இல்லையென்றால் பனிப்பிரதேசத்து வெள்ளை ஆந்தை. அதே தெருவில் பூட்டிக் கிடக்கும் வீட்டு மாடியில் நிஜக் கூகையே குடியிருக்கக்கூடும், அதை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

கண்ணில் ஆரம்பிக்கலாம், கெடுவதும் அங்கேதான். ஆந்தையின் கண் நம்முடையது மாதிரி உருண்டை இல்லை, குழாய் வடிவம். அதைச் சுற்றி ஓர் எலும்பு வளையம் பிடித்திருப்பதால் விழியை இடம் வலம் உருட்ட வழியே இல்லை. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் தலைதான் திரும்பியாக வேண்டும். கருமணியை ஓரத்தில் ஒதுக்கி, ஓரக்கண்ணால் பார்க்கிற ஆந்தையை வரைந்தால், ஆந்தை முகமூடி மாட்டிய மனுஷன்தான் கிடைப்பான். கருமணியை நடுவில் வையுங்கள். குறும்பு வேண்டுமா, தலையைத் திருப்புங்கள். நம் கழுத்தில் ஏழு எலும்பு, அதற்குப் பதினான்கு. ஒரு பக்கமாக 270 பாகை வரை திருப்பும். முழு வட்டம் சுற்றும் என்பது கதை.

பிரான்சில் 1994இல் கண்டுபிடித்த ஷோவே குகையில் ஓர் ஆந்தை இருக்கிறது. 30,000 ஆண்டுகளுக்கும் முந்தையது. குகைச் சுவரின் மெத்தென்ற பரப்பில் கோடாக இழுத்தது. முதுகு நம் பக்கம், முகமும் நம் பக்கம்! பறவையை உட்கார்ந்து பார்த்தவன் கை அது. பழைய ஏதென்ஸ் வெள்ளிக்காசிலும் உடம்பு பக்கவாட்டில், முகம் நேரே. அந்தக் காசில் இருக்கும் சிற்றாந்தை நம் ஊர்ப் புள்ளி ஆந்தைக்கு நெருங்கிய சொந்தம்.

அடுத்தது கலப்படம். இதயவடிவ வெள்ளை முகம், தலையில் இரண்டு கொம்பு, மஞ்சள் கண், எல்லாம் ஒரே பறவையில்! அப்படி ஒரு ஆந்தை எங்கேயும் கிடையாது. வெண்கூகைக்குத்தான் இதய முகம். அதன் கண் கருப்பு, கொம்பு இல்லை, கால் எதிர்பார்ப்பதைவிட நீளம். புள்ளி ஆந்தை உருண்டைத் தலைக்காரர், சுமார் 21 சென்டிமீட்டர், பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, வெள்ளைப் புருவம், மஞ்சள் கண். அதற்கும் கொம்பு கிடையாது. கிட்டே போனால் உடம்பை ஏற்றி இறக்கி முறைக்கும். அந்த முறைப்பை மரத்தில் கொண்டுவந்தால் பொம்மைக்கு உயிர் வந்துவிடும். கொம்பு வேண்டுமென்றால் பாறைப்பக்கம் வாழும் கொம்பன் ஆந்தையைச் செய்யுங்கள், ஆரஞ்சுக் கண்ணோடு. அந்தக் கொம்பும் காது இல்லை, வெறும் இறகுக் குடுமி. காதுத் துளைகள் முகத்தின் இரு பக்கமும் இறகுக்குள் மறைந்திருக்கும். வெண்கூகைக்கு ஒன்று மேலே, ஒன்று கீழே. இருட்டில் எலி எங்கே ஓடுகிறது என்று அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் கணிக்கிறது.

காலைக் காக்காய்க் கால் மாதிரி முன்னே மூன்று, பின்னே ஒன்று என்று முடித்துவிடுவது ஆசாரிமார் பழக்கம். ஆந்தை தன் வெளிவிரலைப் பின்னால் திருப்பிக்கொள்ளும். கிளையைப் பிடிக்கும்போது பெரும்பாலும் முன்னே இரண்டு, பின்னே இரண்டு. அலகும் மூக்கு மாதிரி துருத்தாது, கீழ்நோக்கி வளைந்து பாதி இறகுக்குள் புதைந்திருக்கும். நற்றிணை 83ஆம் பாட்டில் தோழி ஊர் வாசல் மரத்துக் கூகையைச் சொல்கிறாள்: 'தேயா வளைவாய்த் தெண்கண் கூருகிர்'. வளைந்த அலகு, தெளிந்த கண், கூர்நகம். சிற்பிக்கு இதைவிடச் சுருக்கமான குறிப்பு கிடைக்காது. நெய்ச்சோறும் சுட்ட எலிக்கறியும் தருகிறேன், இன்று ராத்திரி அலறாதே என்று அதற்கு லஞ்சம் வேறு பேசுகிறாள்.

தூங்குகிற ஆந்தை வரைபவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: இமைக்கும்போது மேலிமை இறங்கும், தூங்கும்போது கீழிமை ஏறும்.

பகலில் அதற்குக் கண் தெரியாது என்று நினைத்து, சூரியனைக் கண்டு தடுமாறுவதாக வரைவதும் தப்பு. பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்கிறது குறள் 481. காக்கைகள் கூட்டமாகச் சேர்ந்து விரட்டுவதை இன்றைக்கும் பார்க்கலாம், ஆனால் அது குருட்டுத்தனத்தால் வருவதில்லை. புள்ளி ஆந்தை சாயங்கால வெயிலிலேயே கிளையில் உட்கார்ந்திருக்கும்.

லட்சுமி வாகனம் என்று நிலைக்கதவில் ஆந்தையைச் சேர்த்து, 'செட்டிநாட்டுப் பாரம்பரியம்' என்று விற்பதும் உண்டு. ஆந்தை வாகனம் முக்கியமாக வங்காளத்து வழக்கம். இங்கே நிலைக்கு மேல் உட்காருபவள் கஜலட்சுமி, இரு பக்கமும் யானை. ஆந்தை பிடித்திருந்தால் தாராளமாகச் செதுக்குங்கள், பாட்டன் காலத்து வழக்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மாதிரிக்காகக் குஞ்சைப் பிடித்துவருவது, இறகுக்காகக் காசு கொடுப்பது இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பார்க்க ஆசையென்றால் பூட்டிய வீட்டுச் சுவரில் வெள்ளை எச்சம் வழிந்த இடத்தைத் தேடுங்கள். கீழே எலி எலும்பும் மயிருமாகக் கக்கிய உருண்டைகள் கிடந்தால், இடம் அதுதான். இருட்டத் தொடங்கும் நேரத்தில் தள்ளி நின்று, டார்ச் அடிக்காமல் காத்திருங்கள். சத்தம் கேட்காது. இறகு ஓரத்தின் சீப்புப் பல் போன்ற விளிம்பு காற்றை அடக்கிவிடும். அதனால் காதை நம்பாமல் மாடிச் சாளரத்திலேயே கண்ணை வையுங்கள்.