ஒரு ஊரை நடந்து வரைவது எப்படி: மதுரையை வைத்து

பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் ஆண்டுதோறும் ஒரு நிலப்பயன்பாட்டு வரைபடம் கேட்பேன். பாதிப்பேர் வீட்டை விட்டே கிளம்ப மாட்டார்கள். போனில் மேப்பைத் திறந்து, கோயிலைச் சுற்றிச் சிவப்பு, அதற்கு வெளியே மஞ்சள், ஓரத்தில் பச்சை என்று அடித்துக் கொண்டுவந்து நீட்டுவார்கள். 1925இல் சமூகவியலாளர் பர்ஜெஸ், நகரம் நடுவிலிருந்து வட்ட வட்டமாக வளர்கிறது என்று காட்டச் சிகாகோவுக்குப் போட்ட வட்டங்கள் அப்படியே வைகைக்கரைக்கு வந்து உட்கார்ந்திருக்கும்.

மதுரையில் அந்த ஆசை வருவது இயல்புதான். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் என்று ஒன்றைச் சுற்றி ஒன்று. ஆனால் தெரு ஒழுங்காக இருப்பதால் அதில் நடக்கும் பிழைப்பும் ஒழுங்காக இருக்கும் என்று யார் சொன்னது? நடந்து பார்த்துத்தான் எழுத வேண்டும். எப்படி என்று சொல்கிறேன். உங்கள் ஊருக்கும் இதே முறைதான்.

முதலில், ஊர் முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரின் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே ஒரு கோடு போதும். என் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பது வடக்குக் கோடு: வடக்குச் சித்திரை வீதியில் தொடங்கி, வடக்கு மாசி, வடக்கு வெளி, சிம்மக்கல், யானைக்கல், பாலம், கோரிப்பாளையம், தல்லாகுளம், கே.கே. நகர், மாட்டுத்தாவணி. சுமார் 6 கிலோமீட்டர். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

அச்சிட்ட மேப் வழி பார்க்க மட்டும். கட்டடங்களைக் குறிக்க அது உதவாது, பாதிக் கட்டடம் அதில் இருக்காது. கட்டம் போட்ட நோட்டில் தெருவுக்கு இரண்டு கோடு இழுத்து, இரு பக்கமும் கட்டடத்துக்கு ஒரு பெட்டியாகப் போட்டுக்கொண்டே போங்கள். அளவு டேப் வேண்டாம், காலடியால் எண்ணினால் போதும். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதலாம்.

இனி முக்கியமான விஷயம். பெட்டிக்குள் ஒரே எழுத்தை எழுதாதீர்கள். மாடிக்கு ஒரு எழுத்து, கீழிருந்து மேலாக: வ என்றால் வணிகம், கு குடியிருப்பு, கி கிடங்கு, ப பட்டறை, பொ பொது, கா காலி. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணாடியும் விளக்குமாகத் தெரியும் கீழ்த்தளத்தைப் பார்த்து ‘வ’ போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். பக்கத்துச் சந்துக்குள் திரும்பி, ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய மாடிப்படி ஒன்றைக் கண்டுபிடித்து அதன் அடியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மேலே சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டால் அங்கே பட்டறை. அதற்கும் மேலே கொடியில் பாவாடையும் பள்ளிச் சீருடையும் காய்ந்தால் குடித்தனம். அப்படியென்றால் அந்தப் பெட்டி வ/ப/கு.

மாடிக்குப் போக விடமாட்டார்கள், கேட்கவும் கூச்சமாக இருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு, ஈ.பி. மீட்டர். படிக்கட்டு வாசலில் எத்தனை மீட்டர் மாட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு கடைக்கு மேல் ஏழு மீட்டர் இருந்தால் மேலே ஏழு வீடோ, ஏழு ஆபீசோ, இரண்டும் கலந்தோ இருக்கிறது. எது என்பதைச் செருப்பு சொல்லும். வீட்டு வாசலில் குழந்தைச் செருப்பு கிடக்கும், லாட்ஜ் வாசலில் கிடக்காது. போட்டோ எடுக்காதீர்கள். வரி அலுவலகத்து ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். பள்ளி அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டால் டீயே வாங்கித் தருவார்கள்.

ஒரு தெருவை இரண்டு நேரத்தில் பார்க்க வேண்டும். கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம் அதிகம். லாரியும் மூட்டையும் ஓடும் நேரத்தில் பார்த்தவரும், ஷட்டர் இறங்கியபின் பார்த்தவரும் இரண்டு வெவ்வேறு தெருக்களை வரைந்துகொண்டு வருவார்கள். நேரத்தைப் பெட்டியின் மூலையில் எழுதிவிடுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் கணக்கெடுக்கவே வேண்டாம். தேர் மாசி வீதிகளில் சுற்றும்போது கிடைப்பது அன்றைக்கு மட்டும் உண்மையான படம்.

அடுத்து, இன்றைய பயன்பாட்டுக்குப் பக்கத்தில் ‘முன்பு’ என்று ஒரு பத்தி விடுங்கள். வெளி வீதிகள் இருக்கும் இடத்தில் கோட்டையும் அகழியும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்துத் தூர்த்தார்கள். தெற்கு வாசல், கீழவாசல் என்று பேருந்தில் கூவுகிற இடங்களில் இன்று வாசல் எதுவும் கிடையாது. வடக்கு ஆவணி மூல வீதியில் காய்கறி மார்க்கெட் இருந்தது, மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வாகன நிறுத்தம். இப்படி இடம் மாறியவற்றை அம்புக்குறியால் இணையுங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு எது தள்ளப்படுகிறது என்பது உங்கள் படத்திலேயே தெரிந்துவிடும்: லாரி வேண்டிய வியாபாரம், பேருந்து நிலையம், பெரிய நிலம் கேட்பவை எல்லாம். நகை, பாத்திரம், துணி நகராது. கோயிலுக்கு வருகிறவரின் கால்தான் அவற்றுக்கு முதலீடு. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரத்துக்கு 9 மீட்டர் வரம்பு இருப்பதால் மேலே வளர வழி இல்லை. அதனால்தான் உள்ளே இத்தனை நெருக்கம்.

பாலத்துக்கு வந்ததும் பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். வைகை மணலும் நிலம்தான். மாடு கட்டுவது, துணி காயப்போடுவது, குப்பை கொட்டுவது, கரையோரச் சாலை எல்லாவற்றையும் குறியுங்கள். பாலத்தைத் தாண்டினால் பெட்டிகள் திடீரென்று பெரிதாகும். அரசு ராஜாஜி மருத்துவமனை, கலெக்டர் அலுவலகம், அமெரிக்கன் கல்லூரி, தமுக்கம் மைதானம் எல்லாம் ஆற்றுக்கு வடகரையில்தான். ஏன் என்று கேட்டால், இத்தனை பெரிய துண்டு நிலம் உள்ளே எங்கே இருந்தது? இங்கே வேலை சுலபம். மருத்துவமனையைச் சுற்றி மட்டும் நின்று எண்ணுங்கள்: மருந்துக்கடை, லேப், ஸ்கேன் சென்டர், சாப்பாட்டுக்கடை, கூட வந்தவர்கள் தங்கும் லாட்ஜ். அடுத்த மருந்துக்கடைக்கு எத்தனை அடி என்று எழுதி வாருங்கள். வாசலில் இருந்து தள்ளிப் போகப்போக அந்த இடைவெளி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பாடத்தில் படித்த தூரத் தேய்வு, அதாவது தள்ளிப் போகப்போக ஒரு இடத்தின் தாக்கம் குறைவது, அதுதான்.

வண்ணம் அடிக்கும்போது நம்மூர் மாஸ்டர் பிளான் வழக்கத்தைப் பின்பற்றுங்கள்: குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், பொது நிறுவனங்களுக்குச் சிவப்பு, தொழிலுக்கு ஊதா. கலந்த பெட்டியைக் கோடு கோடாக அடிக்கவும்.

கடைசியாக விளிம்பு. மாட்டுத்தாவணியைத் தாண்டியதும் வரும் வெற்றிடங்களுக்கு வெறுமனே ‘கா’ போட்டால் மதிப்பெண் கொடுக்க மாட்டேன். மனைக்கல் நட்டு வண்ணம் அடித்திருக்கிறதா, ஆடு மேய்கிறதா, கருவேலம் மண்டியிருக்கிறதா, கண்மாய்க்குப் போகும் வாய்க்காலை மண் போட்டு மூடியிருக்கிறார்களா என்று தனித்தனியாக எழுதுங்கள். சர்வே எண் தெரிந்தால் அரசின் இ-சேவை தளத்தில் அ-பதிவேட்டை, அதாவது வருவாய்த்துறையின் நிலப் பதிவேட்டைப் பார்க்கலாம். அதில் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று இருக்கும். அதை ‘முன்பு’ பத்தியில் எழுதிவிட்டு, நீங்கள் கண்ணால் பார்த்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் பொருந்தாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போதும். அந்தக் கேள்வியை அங்கே நின்று யாரிடமும் கேட்க வேண்டாம், என்னிடம் கொண்டு வாருங்கள்.