வேலை தேடுகிறீர்களா? முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

கடலூரில் இருந்து வேலை தேடினால் பல பக்கம் முயற்சி செய்யலாம். குடிகாடு சிப்காட் இருக்கிறது, நெய்வேலி என்எல்சி இருக்கிறது, புதுச்சேரி பக்கம் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. ஆனால் பலரும் ஒரே நாளில் இருபது இடத்துக்கு பயோடேட்டா அனுப்பிவிட்டு, அப்புறம் ஒரு மாதம் காத்திருக்கிறார்கள். அது வேண்டாம். தினமும் காலையில் ஒரு மணி நேரம் போதும், விடாமல் செய்யுங்கள்.

நோட்டில் கட்டம் போட்டு நிறுவனத்தின் பெயர், விண்ணப்பித்த தேதி, எந்த பயோடேட்டா அனுப்பினீர்கள், யாரிடம் பேசினீர்கள், அடுத்து எப்போது விசாரிக்க வேண்டும் என்று எழுதுங்கள். கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விடவே கூடாது. ஒரு வாரம் பதில் இல்லையா, தயங்காமல் போன் செய்து கேளுங்கள். திடீரென்று எச்.ஆர். கூப்பிட்டாலும் எந்த வேலை என்று தடுமாற மாட்டீர்கள்.

தமிழ்நாடு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியை முதல் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அரசின் தனியார் துறை வேலை இணையதளத்திலும் இலவசமாகப் பதியலாம். வேலைக்கு முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.