ஸ்பானிய வாக்கியங்களில் இயைபு வழுவை மூளை உணரும் விதத்தை அளப்பது எப்படி

ஸ்பானிய மொழியில் பெயர்ச்சொல்லின் பாலையும் எண்ணையும் அதற்கு முன்வரும் ‘லா’, ‘எல்’ போன்ற சுட்டும் அதைப் பற்றிவரும் பெயரடையும் பின்பற்றியாக வேண்டும். ‘லா காசா எஸ் பிளாங்கா’, அதாவது ‘வீடு வெள்ளையாக இருக்கிறது’ என்பது வழாநிலை. இறுதிச் சொல்லை ‘பிளாங்கோ’ என மாற்றினால் பால் வழு, ‘பிளாங்காஸ்’ என மாற்றினால் எண் வழு. தமிழில் ‘நல்ல பையன்’, ‘நல்ல பெண்’ எனப் பெயரடை மாறாமலே நிற்பதால், இந்த இயைபு நமக்கு வினைமுற்றின் விகுதியில்தான் பழக்கம். வழுவைக் கண்ட ஒரு நொடிக்குள் ஸ்பானியரின் மூளையில் நிகழ்வதை, தலையில் பொருத்திய மின்முனைகளால் மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. முறையால் அளக்க விரும்பும் மாணவர்களுக்கு, கருவியைவிட வாக்கியங்களே முதன்மையானவை என்பேன்.

முதலில், ஆய்வுக்குரிய சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைக்காதீர்கள். வாக்கியம் முடியும் இடத்தில் மூளை முழுப்பொருளையும் திரட்டிக்கொள்வதால், வழுவின் விளைவு அதனோடு கலந்துவிடும். எனவே ‘லா காசா எஸ் பிளாங்கா இ எஸ்தா செர்கா தெல் ரியோ’ என, ‘ஆற்றருகே இருக்கிறது’ என்னும் தொடர்ச்சியையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்து, ‘பிளாங்கோ’ எப்போதும் பிழையாகவே வருமானால், அலையில் தெரியும் வேறுபாடு வழுவினால் வந்ததா, அந்தச் சொல்வடிவத்தினால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. ஆண்பாலான ‘எல் முரோ’, அதாவது சுவர், என்னும் எழுவாயையும் சேர்த்து, ஒவ்வொரு வடிவமும் சரியாகவும் பிழையாகவும் வருமாறு பட்டியல்களைப் பிரித்தமைக்க வேண்டும்.

பெயர்ச்சொற்களைத் தேர்வதில் மிகுந்த கவனம் தேவை. ‘மானோ’ (கை) ஓகாரத்தில் முடிந்தும் பெண்பால். ‘மாப்பா’, ‘புரொப்ளேமா’ ஆகியவை ஆகாரத்தில் முடிந்தும் ஆண்பால். ‘அகுவா’ (நீர்) பெண்பாலாக இருந்தும் ஒருமையில் ‘எல்’ என்னும் சுட்டையே ஏற்கும், ஆனால் பெயரடை ‘ஃப்ரியா’ எனப் பெண்பாலிலேயே வரும். ‘கிராந்தே’, ‘வெர்தே’ போன்ற பெயரடைகள் பாலுக்கேற்ப மாறாதவை என்பதால் பால் ஆய்வுக்கு உதவா.

பதிவின்போது சொற்களைத் திரையின் நடுவில் ஒவ்வொன்றாக, சொல்லுக்கு 300 மில்லிநொடி, இடைவெளிக்கு 200 மில்லிநொடி என்னும் அளவில் காட்டுவது வழக்கம். கண்ணசைவு பதிவைக் கெடுக்காதிருக்க இதுவே எளிய வழி. பங்கேற்பாளரிடம் ஒவ்வொரு வாக்கியமும் சரியா, பிழையா என்று கேட்டால், அடுத்து விளக்கப்போகும் பி600 என்னும் அலை பெருகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அலையைப் படிக்கும்போது மூன்று இடங்களைப் பாருங்கள்: 300 முதல் 500 மில்லிநொடிக்குள் இடது முன்பக்கத்தில் தோன்றும் எதிர்மின் அலையான எல்.ஏ.என்.; ஏறத்தாழ அதே நேரத்தில் உச்சிப் பகுதியில் எழும் எதிர்மின் அலையான என்400; 500க்குப் பின் பின்பக்கத்தில் உயரும் நேர்மின் அலையான பி600. ஓராசியோ பார்பரும் மனுவேல் கரேராஸும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பெயரையும் பெயரடையையும் தனி இணையாகக் காட்டியபோது வழு என்400ஐ எழுப்பியது. அதே சொற்களை வாக்கியத்துக்குள் வைத்தபோது எல்.ஏ.என்.னும் பி600உம் வந்தன. பி600இன் பிற்பகுதி எண் வழுவைவிடப் பால் வழுவுக்கு மிகுந்திருந்ததைக் கொண்டு, பால் வழுவைச் சீர்செய்யக் கூடுதல் படிகள் தேவைப்படலாம் என்று அவர்கள் கருதினர். எனவே பாலையும் எண்ணையும் ஒரே ‘வழு’ என்று கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள்.

தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இட இயைபில் மேலும் ஓர் எச்சரிக்கை. ‘லோஸ் பெரியோதிஸ்தாஸ் எஸ்கிரிபிமோஸ்’ என்பதில் எழுவாய் ‘பத்திரிகையாளர்கள்’, வினையோ தன்மைப் பன்மை. ஆனாலும் அது பிழையன்று. நாம் ‘நண்பர்கள் ஐந்து பேர் கிளம்பினோம்’ என்பது போல, பேசுபவரையும் அக்குழுவில் சேர்த்துக்கொள்ளும் வாக்கியம் அது. இதை இட வழுப் பட்டியலில் சேர்த்தால் முடிவுகள் குழம்பிவிடும்.

இறுதியாக, குழுச் சராசரியை மட்டும் வரைந்து நிறுத்தாமல் ஒவ்வொருவரின் அலையையும் தனித்தனியே பாருங்கள். சிலரிடம் என்400உம் வேறு சிலரிடம் பி600உம் மேலோங்கினால், இரண்டின் சராசரியில் எவரிடமும் இல்லாத எல்.ஏ.என். ஒன்று தோன்றிவிடக்கூடும்.