பழைய தோட்டத்தை மீட்கிறீர்களா? ஜேசிபியைத் திருப்பி அனுப்புங்கள்

ஏற்காட்டில் ஒரு பழைய பங்களா கைமாறினால் போதும், அடுத்த வாரமே கொண்டை ஊசி வளைவுகளில் ஜேசிபி ஏறிவிடும். ரெண்டே நாளில் இடம் பளிச்சென்று ஆகிவிடும். தோட்டமும் அதோடு போய்விடும்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். சொந்தக்காரர் ஒருவர் வாங்கிய இடத்தில் உண்ணிச்செடி என்னும் களைப் புதரை ஒரே காலையில் வழித்தெடுத்தோம். வருஷக்கணக்காக உதிர்ந்த சருகு மக்கி மண்ணாகி, அதற்கடியில் ஒரு முழ ஆழத்தில் கருங்கல் வாய்க்கால் இருந்திருக்கிறது. அது உடைந்து குப்பையோடு போனது எங்களுக்குத் தெரியவில்லை. ஜூலை மழையில் மேட்டுத் தண்ணீர் நேராகச் சமையலறைக்குள் வந்தபோதுதான் தெரிந்தது.

அரண்மனைத் தோட்டமானாலும் துரை பங்களா தோட்டமானாலும், ஒரு மழைக்காலமாவது கத்தி வைக்காமல் சும்மா பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று குறித்து வையுங்கள். மார்ச் வெயிலில் புல் எங்கே முதலில் மஞ்சளாகிறதோ, அங்கே மண் ஆழமில்லை. அடியில் கல் பாவிய நடைபாதை இருக்கலாம். ஒரு கம்பியைக் குத்திப் பார்த்தால் சத்தமே சொல்லிவிடும்.

அப்புறம் உண்ணிச்செடி. மேலாக வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்க்கும். வேர்க்கட்டையை மண்ணுக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட வேண்டும். காய் பழுப்பதற்குள் முடித்துவிடுங்கள். கொண்டைக்குருவி பழம் தின்றுவிட்டால் விதை மலை முழுக்கப் போய்விடும்.

‘பெரிய மரமெல்லாம் ஆதியிலிருந்தே இருப்பது’ என்று நம்புவதும் தவறு. காபி நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் ஊர் ஆஸ்திரேலியா. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார்; இன்று நாம் பார்க்கும் காட்சி அதற்குப் பிறகு உருவானது. எந்தக் காலத்துத் தோட்டத்தை மீட்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், கடைசியில் எந்தக் காலத்துக்கும் சேராத ஒன்றுதான் மிஞ்சும்.

பெரும்பாலும் மிஞ்சுவது புல்தரை. தாஜ்மகாலில் இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் புல்வெளிகூட ஆங்கிலேய வைசிராய் கர்சன் காலத்து ரசனை. முகலாயர் தோட்டம் பழமரங்களால் நிறைந்தது. டெல்லி உமாயூன் கல்லறைத் தோட்டத்தையும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய பாணிக்கு மாற்றிவிட்டார்கள். 1997இல் தொடங்கி 2003இல் அதை மீட்டு முடித்தபோது மாதுளை, எலுமிச்சை, செம்பருத்தி எல்லாம் திரும்ப வந்தன. வாய்க்கால்களுக்கு 40 மீட்டருக்கு 1 செ.மீ. என்ற கணக்கில் சரிவு கொடுத்தார்கள். மலையில் நமக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம், சரிவு தானாக இழுக்கும். ஆனால் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடிக்காமல் கண்ணளவில் வாய்க்கால் கட்டும் கொத்தனாரை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரைச் சிமெண்ட் வைத்துப் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே நின்று கல்லை அரிக்கும்.

நர்சரிக்குப் போவதற்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். நாங்கள் எல்லாவற்றையும் வழித்த பிறகு, அந்த எஸ்டேட்டில் முன்பு வேலை பார்த்த ஒரு பாட்டி வந்து வெறும் தரையைப் பார்த்தார். “கிணத்து மேட்டு ரோசாவையுமா புடுங்கிட்டீங்க, சாமி?” என்றார். எங்களிடம் பதில் இல்லை. நல்லவேளை, எப்போதோ ஒடித்துக்கொண்டு போன கிளை ஒன்று அவர் வீட்டு வேலியோரம் புதராக வளர்ந்திருந்தது. அதில் நாலு பதியன் போட்டோம். இரண்டு வேர் பிடித்திருக்கிறது.