பழைய கடல் வரைபடத்தைத் தப்பாகப் படிக்கும் வழிகள்

13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோலில் வரைந்த கார்ட்டா பிசானா பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. துறைமுகங்களையும் கரையோரத்தையும் காட்டும் போர்ட்டோலான் வகைக் கடல் வரைபடங்களில் இன்று எஞ்சியவற்றுள் மிகப் பழையது அதுதான் என்பது பொதுவான கருத்து. இந்த வகைப் படங்களை முதன்முறை பார்ப்பவர்கள், குறுக்கும் நெடுக்கும் ஓடும் கோடுகளை அட்சரேகை, தீர்க்கரேகை என்று எண்ணிவிடுகிறார்கள். அவை காற்றுத்திசைக் கோடுகள். வழக்கமாக, முதன்மைக் காற்று எட்டும் கறுப்பு, அவற்றின் இடைக்காற்று எட்டும் பச்சை, இன்னும் நுண்ணிய பதினாறும் சிவப்பு. வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று காற்றை வைத்தே திசை சொன்ன மொழிக்காரர்களுக்கு இது அந்நியமாக இருக்கக் கூடாது. இத்தாலிய மாலுமிக்கு டிரமொன்டானா வடக்கு, லெவாந்தே கிழக்கு. இரண்டு துறைமுகங்களுக்கிடையே அளவுகோலை வைத்து, அதற்கு இணையாகப் போகும் கோடு எந்தக் காற்றினுடையது என்று பார்த்தால், பிடிக்க வேண்டிய திசை கிடைத்துவிடும்.

அடுத்த சறுக்கல், கணினியில் இன்றைய படத்தோடு பொருத்திப் பார்க்கும்போது வரும். மத்தியதரைக் கடல் முழுவதும் இடஞ்சுழியாகச் சுமார் 9 அல்லது 10 டிகிரி சாய்ந்து, கிழக்கு முனை மேலே ஏறியிருக்கும். வரைந்தவருக்கு வடக்கு தெரியவில்லை என்று முடிவுகட்டுவது அவசரம். அக்காலத்தில் அப்பகுதியில் காந்த ஊசி உண்மை வடக்குக்குக் கிழக்கே விலகி நின்றது. சாய்வுக்குப் பெரும்பாலோர் சொல்லும் காரணம் இதுதான். ஊசி காட்டிய திசையில் வரைந்த படத்தை அதே ஊசியை வைத்து ஓட்டினால் பிழை கழிந்துவிடும். மாலுமிக்கு அதனால் நட்டமில்லை, மேலே ஒட்டிப் பார்க்கிற நமக்குத்தான் தொல்லை. முழுத் தாளையும் ஒரே சூத்திரத்தில் திருப்பி இழுக்காதீர்கள். அட்லாண்டிக் கரை மத்தியதரைக் கரையைவிடச் சிறிய அளவில் வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு கடலையும் தனியாகப் பொருத்துங்கள்.

அளவுக்கு வருவோம். ஈரம் ஏறி இறங்கும்போது தோல் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. செப்புத்தகட்டு அச்சுக்குத் தாளை நனைத்துத்தான் அச்சிடுவார்கள். காய்ந்ததும் அதுவும் சுருங்கும். அதனால் மில்லிமீட்டர் ஸ்கேலை ஒதுக்கிவிடுங்கள். அதே தாளில் உள்ள அளவுப்பட்டையைக் கவராயத்தால் எடுத்து அளப்பதே சரி. பட்டையில் உள்ள ‘மைல்’ யாருடையது என்பது அடுத்த கேள்வி. டச்சு மைல் ஒரு டிகிரிக்கு 15, ஸ்பானிய லீக் (லீக் என்பதும் தூர அலகுதான்) பதினேழரை, ஆங்கில, பிரெஞ்சுக் கடல் லீக் 20. நேரே கிலோமீட்டராக்கினாலும் தப்பு வரும், ஏனென்றால் ஒரு டிகிரி எவ்வளவு நீளம் என்பதிலேயே குழப்பம் இருந்தது. ஆங்கிலேயர் 3,00,000 அடி என்று எண்ணியிருக்க, 1637-ல் ஆங்கிலக் கணித அறிஞர் ரிச்சர்ட் நார்வுட் வெளியிட்ட அளவு ஏறத்தாழ 3,67,200 அடி. முதலில் டிகிரியாக மாற்றுங்கள், கிலோமீட்டரைப் பிறகு பார்க்கலாம்.

வரைபடக் கலைஞர் மெர்கேட்டர் 1569-ல் தன் உலகப்படத்தை வெளியிட்ட உடனே எல்லாக் கப்பலும் அதற்கு மாறிவிட்டதாக நினைப்பதும் பிழை. கட்டம் சமமான தட்டைப் படங்கள் 18-ஆம் நூற்றாண்டிலும் ஓடின. கண்டுபிடிப்பது சுலபம்: ஓரத்தில் உள்ள அட்சரேகைப் பிரிவுகள் சம இடைவெளியில் இருந்தால் தட்டைப்படம், துருவத்தை நோக்கி விரிந்துகொண்டே போனால் மெர்கேட்டர். பின்னதில் 60 டிகிரியில் நீளம் நடுக்கோட்டில் உள்ளதைப்போல் இரு மடங்காகிவிடும். எந்த அட்சத்தில் அளக்கிறீர்களோ, அந்த அட்சத்தின் ஓர அளவையே எடுக்க வேண்டும்.

தீர்க்கரேகை எண்களைக் கிரீன்விச்சிலிருந்து எண்ணுவது மிகப் பரவலான பிழை. கிரீன்விச் பொதுக்கோடாக ஏற்கப்பட்டது 1884 வாஷிங்டன் மாநாட்டில்தான். டச்சுக்காரர் பலர் டெனெரீஃப் தீவின் டெய்டே சிகரத்திலிருந்து எண்ணினர். அது கிரீன்விச்சுக்கு மேற்கே 16°38'. படத்தில் 97° என்றிருந்தால், கழித்தால் 80°22'. அதன் பிறகும் ஒன்றிரண்டு டிகிரி மிச்சம் நிற்கும், நடுக்கடலில் தீர்க்கரேகையை நம்பி அளக்க 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிவரை வழியில்லை. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹவுட்மன் அப்ரோல்யோஸ் திட்டுகளை டச்சுக் கப்பல்கள் 1619-லேயே பார்த்துவிட்டன. 1629-ல் பட்டாவியா என்ற டச்சுக் கப்பல் அவற்றின் மேலேயே ஏறியது. திட்டுகள் இருப்பது தெரிந்திருந்தது, தங்கள் கப்பல் எங்கே நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை.

ஆழ எண்களிலும் நாட்டைப் பாருங்கள். கடலாழத்தை அளந்த அலகு பாகம்: ஆங்கிலப் பாகம் 6 அடி, 1.83 மீட்டர், பிரெஞ்சுப் பாகம் 5 பிரெஞ்சு அடி, சுமார் 1.62 மீட்டர்.

படத்தின் அடியில் உள்ள ஆண்டை அளந்த ஆண்டாக எடுக்காதீர்கள். செப்புத்தகடுகள் கைமாறி, பெயர் சுரண்டி மாற்றப்பட்டுப் பல பத்தாண்டுகள் அச்சாகிக்கொண்டே இருந்தன. ஆங்கிலக் கையெழுத்துப் படங்களில் இன்னொரு கண்ணி: 1752-க்கு முன் அங்கே ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. ‘பிப்ரவரி 1700’ என்பது நம் கணக்கில் 1701 ஆகலாம்.

பொன்னும் திமிங்கிலமுமாக மின்னும் படம் கப்பலில் போனது என்று நம்பிவிடுவதும் உண்டு. அவற்றில் பல அரசர்களுக்கும் செல்வர்களுக்கும் வரைந்தவை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலுக்குக் கொடுத்த படங்களைப் பயணம் முடிந்ததும் திரும்ப வாங்கியது; கடலுக்குப் போனவை தேய்ந்து கிழிந்தன. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கரையோரமாக வரிசையாய் ஊசித்துளைகள் இருந்தால், கரித்தூள் தூவி நகலெடுத்ததன் அடையாளமாக இருக்கலாம். வெறும் கடலின் நடுவே சிதறிய துளைகள் என்றால், யாரோ கவராயத்தை ஊன்றி அன்றைய தூரத்தைக் குறித்திருக்கக்கூடும்.