ஒரு தவளையின் பழைய பெயர்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

தென் அமெரிக்க மரத்தவளை ஒன்று எங்கெங்கே வாழ்கிறது என்று அறிய வேண்டுமா? வரைபடத்தைத் தொடுவதற்கு முன் அதன் பழைய பெயர்களை எல்லாம் திரட்டிவிடுங்கள். சலிப்பான வேலை என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் பழைய பெயரில் கிடக்கும் நல்ல பதிவுகள் பலவற்றைக் கோட்டைவிடுகிறார்கள். பழகிக்கொள்ள ஏற்ற உயிரி, புள்ளி மரத்தவளையான போவானா பங்டாட்டா (Boana punctata). விரல் நீளம்கூட இராது. பகலில் வெளிர்பச்சை, இரவில் சிவப்பேறும் உடல், ஒளி ஊடுருவும் தோல்.

முதல் படி: முழுப் பெயரையும் எழுதுங்கள். போவானா பங்டாட்டா (ஷ்னைடர், 1799). அந்த அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் சேர்த்த பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதி; பெயரின் முதல் சொல் அதுதான்) அந்த உயிரி இப்போது இல்லை என்று பொருள். எனவே தேட வேண்டிய பழைய பெயர் ஒன்றாவது உண்டு.

இரண்டாம் படி: நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 'ஆம்பிபியன் ஸ்பீசிஸ் ஆஃப் தி வேர்ல்ட்' இணையத் தரவுத்தளத்தைத் திறந்து இந்தப் பெயரைத் தேடுங்கள். கட்டணம் இல்லை. பெயர், ஆசிரியர், ஆண்டு, நூல், பக்கம் என்று வரிவரியாக வரும்.

மூன்றாம் படிதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். கிடைத்த பெயர்களைக் கால வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் ஏன் மாறியது என்று பக்கத்திலேயே குறியுங்கள். 1799இல் ஷ்னைடர் வைத்தது கலாமிட்டா பங்டாட்டஸ் (Calamita punctatus). 20ஆம் நூற்றாண்டு நூல்களில் இது ஹைலா பங்டாட்டா (Hyla punctata). அந்நாளில் ஹைலா என்பது உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த மரத்தவளைகளைத் திணித்துவைத்த மூட்டை. 2005இல் ஹூலியான் ஃபைவோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் டி.என்.ஏ. சான்றுகளைக் கொண்டு அந்த மூட்டையைப் பிரித்தார்கள். நம் தவளை, வாக்லர் 1830இல் வைத்த ஹிப்சிபோவாஸ் பேரினத்துக்குப் போனது. 2017இல் அலேன் துபுவா என்ற ஆய்வாளர், அதே கூட்டத்துக்கு கிரே 1825இலேயே வைத்த போவானா என்ற பெயர் இருப்பதை எடுத்துக்காட்டினார். விலங்கியல் பெயரிடு விதிப்படி முந்தைய பெயருக்கே முன்னுரிமை. ஐந்தாண்டு முந்தியதால் போவானா நிலைத்தது.

இதில் ஒரு சிக்கலைப் பாருங்கள். இயற்கையாக ஒளிர்கிற தவளை என்று முதன்முதலில் பதிவாகி உலகமே வியந்தது இந்தத் தவளையைத்தான். புற ஊதா ஒளியில் இது நீலப்பச்சையாக ஒளிர்கிறது. அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே பகுதித் தவளைகளை வைத்து நடந்த அந்த ஆய்வு, ஃபைவோவிச்சும் பங்கேற்றது, வெளிவந்தது 2017 மார்ச்சில். ஆகவே அதில் இருக்கும் பெயர் ஹிப்சிபோவாஸ் பங்டாட்டஸ் (Hypsiboas punctatus). போவானா என்று மட்டும் தேடினால், இந்தத் தவளையைப் பற்றிய மிக அழகான கண்டுபிடிப்பே கைக்கு எட்டாமல் போகலாம்!

நான்காம் படி: ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகத் தேடுங்கள். லத்தீன் இலக்கணப்படி, பேரினப் பெயர் ஆண்பாலா பெண்பாலா என்பதற்கு ஏற்ப இரண்டாம் சொல்லின் ஈறு மாறும். ஹைலாவுக்கும் போவானாவுக்கும் 'பங்டாட்டா', ஹிப்சிபோவாஸுக்கு 'பங்டாட்டஸ்'. இரண்டு ஈற்றையும் போட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: இப்போது வரைபடம். ஜிபிஐஎஃப் (GBIF) என்ற உலக உயிரினப் பதிவுத் தளத்தில் அருங்காட்சியக மாதிரிகளின் இடங்கள் கிடைக்கும். அமேசான் படுகை, கயானா நாடுகள், டிரினிடாட், தெற்கே பராகுவே, வட அர்ஜென்டினா என்று புள்ளிகள் விரியும். இவ்வளவு பரந்த எல்லையைக் கண்டால் மகிழ்ச்சியைவிட ஐயமே முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து; ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்க இடமுண்டு. பிரேசிலின் கிழக்குக் கரையில் விழும் புள்ளிகளைத் தனியாக எடுத்துவையுங்கள். இதன் நெருங்கிய உறவான ஹைலா அட்லான்டிகா, இன்றைய போவானா அட்லான்டிகா, 1996இல்தான் அங்கிருந்து விவரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய கரையோரப் பதிவு எதுவானாலும், மாதிரியை யார், எப்போது மறுபடி பார்த்து உறுதிசெய்தார் என்று தெரியும்வரை அந்தப் புள்ளியைப் பென்சிலால் மட்டும் வையுங்கள்.