டர்பன் கோடையில் புளிக்கும் மிளகாய்ச் சாஸ்

கோடையில் ஊறுகாய் போட்டது போக மிஞ்சும் சிவப்பு மிளகாயை உப்பில் புளிக்க வைத்தால், வினிகரில் அரைத்த சாஸில் கிடைக்காத ஆழமான புளிப்பு கிடைக்கும். பெரி-பெரி என்று இங்கே தென்னாப்பிரிக்காவில் விற்கும் ஊசி மிளகாய் மட்டும் போட்டால் காரம் நாக்கைக் கொன்றுவிடும். பாதிக்குப் பாதி காரம் குறைந்த நீள மிளகாயைக் கலப்பது நலம்.

கையுறை அணிந்து காம்பை நீக்கி, பூண்டுடன் கொரகொரப்பாக அரைத்து, உப்பைத் தராசில் நிறுத்துச் சேர்க்க வேண்டும். மிளகாய் 500 கிராம், பூண்டு 50 கிராம் என்றால் மொத்த எடையில் 3 சதவீதமாக ஏறத்தாழ 16.5 கிராம் உப்பு தேவை. கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்பதில்லை என்பதால், பாட்டிமார் கைக்கணக்கை இந்த ஒரு வேலையில் மட்டும் நான் ஏற்பதில்லை.

விழுதைச் சுத்தமான கண்ணாடிச் சாடியில் முக்கால் பங்குக்கு அழுத்தி நிரப்புங்கள். ஓரிரு நாளில் சிவப்பு விழுதுக்கு இடையே சிறு குமிழ்கள் தோன்றி, விழுது உப்பி மேலெழும். மிளகாயோடு வந்த லாக்டிக் அமில பாக்டீரியா அதன் சர்க்கரையை அமிலமாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். முதல் வாரம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றி, எழும்பிய விழுதைச் சுத்தமான கரண்டியால் அது விட்ட உப்பு நீருக்கடியில் மறுபடி அமுக்க வேண்டும். ஊறுகாய்ப் பழக்கத்தில் மேலே எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். அமிலம் குறைந்த பூண்டு காற்றில்லாமல் எண்ணெய்க்கடியில் கிடந்தால் உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும்.

இதற்கு 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரை வெப்பம் உகந்தது. டர்பனின் ஜனவரிக் கோடைப் புழுக்கம் அதைத் தாண்டுவதால், வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்து ஐந்தாம் நாளிலிருந்தே சோதிக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். மேலே படியும் மெல்லிய வெள்ளை ஆடை பெரும்பாலும் ஈஸ்ட்தான், வழித்துவிடலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ மயிர்போலப் பூசணம் பிடித்தால் சாடி முழுவதையும் கொட்டிவிட வேண்டும். பூண்டு நீலம் பாய்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் அளவு 4-க்குக் கீழே இறங்கியதும் விழுதை மறுபடி அரைத்து, சிறிது வினிகர் சேர்த்து வடிகட்டுங்கள். கொதிக்க வைக்காத சாஸ் புட்டிக்குள்ளும் புளித்துக்கொண்டே இருக்கும் என்பதால் அதைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். வடிகட்டியில் தங்கும் சக்கையை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பொடித்தால், அன்னாசித் துண்டுகளின் மேல் தூவ மசாலாவுக்குப் பதிலாக உதவும்.